முப்பத்தோராம் சீனில் செங்கல் கலர் புடவை

ஜூன் 2, திங்கள்

காலையில் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்கள். இருபது நாளும் இதில் ஏதாவது எழுத வேண்டுமாம். ஒரு வரி போதுமாம். யாரும் வாங்கிப் பார்க்க மாட்டார்களாம். யாரும் பார்க்காத நோட்டில் எழுதுவது, கேமரா ஓடாதபோது அழுவது மாதிரி. அதையும் செய்திருக்கிறேன், அதனால் பரவாயில்லை.

என் பேர் பூங்காவனம். வயது நாற்பத்தேழு. புளியந்தோப்பில் ஐந்தாவது வரைக்கும் படிப்பு. இருபத்திரண்டு வருஷமாக சினிமாவில் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட். கோர்ட் சீனில் மூன்றாவது பெஞ்சு, கோயில் சீனில் தேங்காய்த் தட்டு, சாவு சீனில் மாரடிப்பு. ஊரே என்னைப் பார்த்திருக்கிறது, ஒருத்தரும் கவனித்ததில்லை.

திரைக்கதை எழுத இதுவரை இடமே கிடைக்காத ஜனங்களுக்காக ஒரு அறக்கட்டளை நடத்துகிற பயிலகம் இது. கோவளம் தாண்டி, கடலைப் பார்த்த வீடு. நானூறு பேர் எழுதிப்போட்டதில் ஆறு பேரை எடுத்திருக்கிறார்கள். விண்ணப்பத்தில் ‘உங்கள் பின்னணி என்ன?’ என்று ஒரு கேள்வி. ‘கதாநாயகிக்குப் பின்னால், இடது பக்கம்’ என்று எழுதினேன். அதைப் படித்துச் சிரித்துத்தான் என் கதையைப் பிரித்தாராம், எங்களுக்குச் சொல்லித்தர வந்திருக்கிற யமுனா மேடம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறேன். கோபம் வருகிறது அவருக்கு, அழகாக இருக்கிறது.

என் அறையில் சில்வியா. குளச்சல் பக்கத்துப் பெண், வயது இருபத்துநாலு. மீன் விற்கிற அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறாள். நான் கையால் எழுதினதை இவள்தான் டைப் அடித்துத் தரப்போகிறாள். அதற்குக் கூலியாக ஒரு மாப்பிள்ளை பார்த்துத் தருகிறேன் என்றேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள்.

ஜூன் 3, செவ்வாய்

கடைசி நாள், இருபத்தோராம் தேதி, ஆறு பேரும் கதையை உரக்க வாசிக்க வேண்டும். வெளியிலிருந்து வருகிற ஐந்து பேர் உட்கார்ந்து கேட்பார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் படமாக எடுப்பார்கள். இது எனக்கு முன்பே தெரியும். தெரியாத ஒன்றை இன்று சொன்னார்கள். நிஜ மனுஷர்களை வைத்து எழுதியவர்கள் அந்த மனுஷர்களிடம் ஒப்புதல் கடிதம் வாங்கி வர வேண்டும். கடிதம் இல்லாத கதையை வாசிக்கவே கூடாது.

என் கதையில் இரண்டு பெண்கள், மாரி, தாயம்மா. கூட்டத்தில் நிற்கிறவர்கள். குடிசைகள் எரிகிற காட்சி எடுக்கும்போது நிஜமாகவே தீ பிடித்து தாயம்மாவின் கை போய்விடுகிறது. அதற்கப்புறம் அவளை யாரும் கூப்பிடுவதில்லை. தாயம்மா என்று எழுதியிருப்பது தேசம்மாவை. என் கூட்டாளி. அது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. வலது கை மடங்கினது மடங்கினபடி இருக்கிறது.

அவள் கையெழுத்து போடுவாளா என்று டீச்சர் கேட்டார். கம்பெனி வேனில் எனக்கு முன்னால் ஏறி, பக்கத்து சீட்டில் பையைப் போட்டு, கேட்கிறவர்களிடம் ஆள் வருது என்று பதினாறு வருஷம் சொன்னவள், ஒரு கையெழுத்தா போட மாட்டாள் என்றேன்.

ஜூன் 5, வியாழன்

தேசம்மாவுக்கு போன் போட்டேன். ஒரே சந்தோஷம். யார் நடிக்கிறாங்க என்பதுதான் முதல் கேள்வி. பிறகு அவளே சொன்னாள், “நானே நடிச்சுக் குடுத்துர்றேன் பூங்கா. மேக்கப் செலவு மிச்சம். கை ரெடியா கீது.” நானும் சிரித்தேன்.

போனை வைத்துவிட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டேன். காயப்போட்ட துணியையே எடுத்து மறுபடி உதறிப் போட்டேன் போலிருக்கிறது. சில்வியா பார்த்துவிட்டு, எக்கா என்ன பண்ணுதிய என்றாள். காற்று பலமாக அடிக்கிறது என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

சில்வியா முழுக்க டைப் அடித்துவிட்டாள். ஒரு சந்தேகம் என்று வந்தாள். பன்னிரண்டாம் சீனில் மாரி கட்டியிருப்பது செங்கல் கலர் புடவை, தாயம்மா பாசிப்பச்சை. முப்பத்தோராம் சீனில் தீப்பிடிக்கும்போது தாயம்மாவின் உடம்பில் எரிவது செங்கல் கலர் புடவை. “இது எப்பிடி எக்கா? எழுத்துப் பிழையா? பச்சைன்னு மாத்தட்டா?”

மாற்று என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே. டீ ஆறுகிறது, அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

எனக்கு எழுத்தில் ஆயிரம் பிழை வரும். புடவையில் வராது. எங்கள் தொழிலே அதுதான். ஒரு காட்சியை நான்கு நாள் எடுப்பார்கள். முதல் நாள் எந்தப் புடவையில் எந்த இடத்தில் நின்றாயோ, நான்காம் நாளும் அதே புடவை, அதே இடம். நாற்பது பெண்களில் யாருடைய முகமும் அசிஸ்டென்ட் டைரக்டருக்குத் தெரியாது. போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, ஏ மஞ்சள், ரெண்டடி தள்ளு, ஏ செங்கல், குனி என்பார். ஆள் மாறினால் தெரியாது. புடவை மாறினால் தெரியும்.

அப்புறம் சில்வியா கேட்டாள், நிஜத்திலும் இரண்டு பேரும் புடவையை மாற்றிக்கொண்டீர்களா என்று. எனக்கு அன்று முழங்கால் வலி, உட்கார இடம் வேண்டியிருந்தது, அதனால் மாற்றிக்கொண்டோம் என்றேன். உண்மையைச் சொல்ல என்ன பயம்.

ஜூன் 10, செவ்வாய்

சீன்களைச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். என்னுடையது அறுபத்திரண்டு சீட்டு. கல்யாண வீட்டு மொய்ப் பலகை மாதிரி இருந்தது.

டீச்சர் முப்பதாம் சீட்டுக்கும் முப்பத்தோராம் சீட்டுக்கும் நடுவில் விரலை வைத்தார். “இங்க ஒரு சீன் காணோம்” என்றார்.

பசை ஒட்டாமல் விழுந்திருக்கும் என்று குனிந்து தரையில் தேடுகிற மாதிரி நடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் விரலை எடுக்கவில்லை.

ஜூன் 11, புதன்

புடவை மாற்றுகிற சீனை எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். வேன் பின்னால் நின்று, ஒருத்திக்கு ஒருத்தி மறைப்பு பிடித்து, கிண்டலடித்துக்கொண்டு மாற்றுகிறார்கள். நன்றாக வந்திருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

நன்றாக வரவில்லையாம்.

வாசித்து முடித்ததும் டீச்சர் கேட்டார், மாரி ஏன் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கிறாள்? குடிசை வாசல் கம்பத்தை ஒட்டின இடம். கேமராவுக்குப் பக்கம், முகம் தெரியும். அப்படி ஒரு இடத்துக்காகத்தான் முதல் பாதி முழுக்க மாரி அடித்துக்கொள்கிறாள். கிடைத்ததும் ஏன் தாயம்மாவிடம் கொடுக்கிறாள்?

காய்ச்சல் டீச்சர், அவளுக்கு அன்று நல்ல காய்ச்சல் என்றேன்.

சில்வியா மெதுவாகத்தான் சொன்னாள். அறை முழுக்கக் கேட்டது. “எக்கா, முட்டு வலின்னுதான எங்கிட்ட சொன்னிய?”

இரண்டும்தான் என்று சொல்லி, வயசானால் உனக்கும் தெரியும்டி என்று கிண்டலடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக கன்டினியூட்டி தப்பு செய்திருக்கிறேன், அதுவும் வாயால்.

ஜூன் 14, சனி

சமையல்காரர் லீவு. நான் சங்கரா மீன் குழம்பு வைத்தேன். ஏழு பேரும் வழித்துச் சாப்பிட்டார்கள். வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

விடுமுறை. இரண்டு பஸ் மாறி கண்ணகி நகர் போனேன். புளியந்தோப்பு வீட்டை இடித்ததும் தேசம்மாவுக்கு அங்கேதான் மூன்றாம் மாடியில் வீடு கொடுத்தார்கள். மகள் கம்பெனி வேலைக்குப் போகிறாள், ஞாயிறும் ஷிப்ட். தேசம்மா தனியாக இருந்தாள்.

கதையைச் சுருக்கமாகச் சொன்னேன், பழையபடி. அதாவது அந்த சீன் இல்லாமல். கண்ணில் தண்ணீர் நிற்கக் கேட்டாள். கடிதத்தை நீட்டினேன். இடது கையால் பேனாவைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, தே என்ற எழுத்துக்கு மட்டும் ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டு போட்டாள்.

போட்டுவிட்டுச் சொன்னாள், “ஆறு வருசமா ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன் பூங்கா. உனக்குன்னு வந்த எடத்த எனக்குக் குடுத்தியே, மொகம் தெரியும் வாடின்னு. அதுக்கப்புறம் நடந்தது என் நேரம். ஆனா குடுத்த பாரு, அந்த மனசு யாருக்கும் வராது.”

டீயில் சர்க்கரை கம்மி என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். கடிதம் பையில் இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

நடந்ததை ஒரு தடவை வரிசையாக எழுதிவிடுகிறேன், எனக்கே குழப்பம் வராமல் இருக்க.

அது அந்தக் காட்சியின் இரண்டாம் நாள். தேசம்மாவும் நானும் புடவையை மாற்றி இடத்தை மாற்றிக்கொண்டோம். என் இடத்தில் அவள் நின்றாள். தீ குபீரென்று கம்பத்தோடு அவள் மேல் சரிந்தது. விசாரணைக்கு ஆள் வந்தபோது, படங்களுக்கு எங்களை அனுப்புகிற ஏஜென்ட் கஜபதி எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, இடம் மாறச் சொன்னது யார் என்று கேட்டார். தானே போய் நின்றதாக தேசம்மா ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறாள், என் பேர் அடிபட்டால் எனக்கு வேலை போய்விடும் என்று. அவளாகத்தான் போய் நின்றாள் என்று நானும் எழுதிக் கையெழுத்து போட்டேன். சொன்ன இடத்தில் நிற்காதவளுக்கு நஷ்டஈடு கிடையாது என்று முடித்துவிட்டார்கள்.

அவ்வளவுதான் நடந்தது.

ஜூன் 17, செவ்வாய்

அவ்வளவுதான் என்று நேற்று எழுதினதைக் காலையில் படித்தேன். பல் தேய்த்துவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

மத்தியானம் டீச்சரிடம் கடிதத்தைக் காட்டினேன். நல்லது, இனி ஒன்றும் தடையில்லை என்றார். அந்தப் புடவை சீன் சரியாக வராவிட்டால் எடுத்துவிட்டு, தீப்பிடிக்கும்போது தாயம்மாவுக்குப் பச்சைப் புடவையே போட்டுவிடலாம், கதை அப்போதும் நன்றாகத்தான் இருக்கும், தேர்ந்தெடுக்கப்படவும் வாய்ப்பு உண்டு என்றார். நிஜமாகவே சொன்னார், சோதிக்கவில்லை.

எத்தனை சுலபம் பாருங்கள். ஒரு புடவையின் கலர்.

ஜூன் 18, புதன்

காபி குடிக்கப் போகாமல் எழுதிவிடுகிறேன். எழுந்தால் எழுத மாட்டேன்.

முதல் நாள் ஒத்திகைக்குக் கம்பத்தில் ஒரு டின் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். இரண்டாம் நாள் காலை நான் என் இடத்தைப் பார்க்கப் போனேன். தீ வைக்கிற ஆள் ஒரு டின்னை ஊற்றி முடித்திருந்தான். டைரக்டருக்கு நேற்றுத் தீ போதவில்லையாம். கூரையிலும் கம்பத்திலும் இரண்டாவது டின்னைக் கவிழ்த்தான். என் காலடி மண் வரைக்கும் நனைந்தது. அங்கே நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. தெரியும் என்று நினைத்தேன் இல்லை, தெரிந்தது.

நிற்க மாட்டேன் என்று சொன்னால் கஜபதி அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டார். அதனால் நிற்க மாட்டேன் என்று சொல்லவில்லை. வேன் பின்னால் போய் தேசம்மாவிடம், முகம் தெரியும் வாடி என்றேன்.

காய்ச்சலும் இல்லை, முழங்கால் வலியும் இல்லை.

அவள் கையைப் பற்றி இரண்டு வருஷமாக எழுதுகிறேன், கால்ஷீட் தாள்களின் பின்பக்கம் எழுதி எழுதி. டின்னைப் பற்றி இன்றுதான்.

ஜூன் 19, வியாழன்

சில்வியா புது சீனை டைப் அடித்தாள். ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டில் என் தட்டில் அவள் அப்பளத்தையும் வைத்தாள்.

டீச்சர் படித்துவிட்டுத் தாள்களை அடுக்கி என்னிடம் தந்தார். பிறகு, இந்த சீன் இருக்கிற கதைக்குப் பழைய கடிதம் செல்லாது என்று உங்களுக்கே தெரியும், அவங்களுக்கு இதைப் படித்துக் காட்டணும் என்றார். இல்லாவிட்டால் பழையதையே வாசிக்கலாம், யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள் என்றார். எந்தத் தாள்கட்டை எடுத்துப்போகப் போகிறேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

போய்விட்டு வந்தேன்.

தேசம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். மடங்கின வலது கையில் தட்டை இடுக்கி, இடது கையால் தலையைக் கிள்ளுவாள். கையெழுத்து மறுபடியும் வேண்டுமா என்று சிரித்தாள். ஒரு சீன் சேர்த்திருக்கிறேன், கேள் என்றேன். வாசித்தேன். வாசிக்கும்போது தாளையே பார்த்தேன். நெத்திலி தட்டில் விழுகிற சத்தம் டின் வருகிற இடத்தில் நின்றுவிட்டது.

முடித்தேன். குழாயில் யாரோ குடம் வைக்கிற சத்தம் கீழேயிருந்து கேட்டது.

“அவன் ரெண்டாவது டின்ன ஊத்தசொல்ல நான் எங்க இருந்தேன்?”

“வேன் பின்னால. தலை சீவிக்கினு இருந்த.”

“உன்கிட்ட சீப்பு கேட்டேன்.”

“ஆமா.”

“குடுத்த.”

“குடுத்தேன்.”

“சீப்பக் குடுக்கசொல்ல சொல்லி இருக்கலாம் இல்ல?”

கொண்டுபோயிருந்த புதுக் கடிதத்தை அவள் பக்கத்தில் தரையில் வைத்தேன்.

பழைய கடிதத்தைக் கேட்டாள். கொடுத்தேன். மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள். புதுக் கடிதத்தைத் தொடவில்லை. மீனை ஆய ஆரம்பித்தாள். நான் வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் பேசினாள்.

“எத்தினி மணிக்குப் படிக்கற?”

“பதினொண்ணுக்கு.”

“மாரி, தாயம்மான்னு வச்சிருக்கியே, அவளுங்க யாரு? எனக்குத் தெரியாது அவளுங்கள. பேர எடு. படிக்கறதுன்னா என் பேர சொல்லிப் படி. உன் பேர சொல்லிப் படி.”

வருவாயா என்று கேட்டேன். அடுத்த நெத்திலியை எடுத்தாள்.

ஜூன் 21, சனி

இது பஸ்ஸில் எழுதுவது, எழுத்து குதிக்கிறது.

காலையில் சில்வியா பேர்களை மாற்றினாள். அறுபத்து மூன்று சீனில் மாரி எல்லாம் பூங்காவனம் ஆனது. பார்க்க யாரோ மாதிரி இருந்தது.

என் முறை மூன்றாவது. கடிதம் எங்கே என்று டீச்சர் கண்ணால் கேட்டார். ஆள் வருது என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று நினைவு வந்தது. நேரில் வந்து வாயால் சம்மதம் சொன்னால் போதும் என்று என் முறையைக் கடைசிக்குத் தள்ளினார். நான்காவது ஆள் வாசித்தான், ஐந்தாவது ஆள் வாசித்தாள், சில்வியாவின் கதைக்கு எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். கேட்க வந்த ஐந்து பேரில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். பழைய கட்டு என் பையில் இருந்தது. அதற்கும் இப்போது கடிதம் இல்லை. என்னிடம் ஒன்றுமே இல்லை.

பன்னிரண்டே முக்காலுக்குக் கதவு திறந்தது. தேசம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தாள், மகள் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்தது. வலது கையை முந்தானையில் மறைக்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துத் தலையாட்டவில்லை.

வாசித்தேன். முதல் பாதிக்கு நன்றாகச் சிரித்தார்கள். முப்பதாம் சீன் முடிந்தது. அடுத்தது புது சீன். ‘பூங்காவனம் கம்பத்தருகே வருகிறாள். இரண்டாவது டின் கவிழ்வதைப் பார்க்கிறாள்.’ அதற்கு அடுத்த வரி எனக்கு வரவில்லை. தாள் கண்ணெதிரே இருக்கிறது, எழுத்து தெரிகிறது. நடிப்பு என்று நினைத்து எல்லாரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

“படி” என்றது கடைசி வரிசை.

படித்தேன். முகம் தெரியும் வாடி என்பதையும் படித்தேன். பழைய முப்பத்தோராம் சீனில் தேசம்மா உடம்பில் செங்கல் கலர் புடவை எரிந்தது. கடைசிச் சீன் வரைக்கும் நிறுத்தவில்லை.

டீச்சர் எழுந்து கடைசி வரிசையைப் பார்த்து, அம்மா, இதைப் படமாக எடுக்க உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். தேசம்மா எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொண்டாள். நின்றதும், நான் இதுவரை கேட்டிராத ஒரு குரலில், அளந்து பேசினாள்.

“நான் அவகிட்ட சீப்பு கேட்டேன். அவ குடுத்தா. அது இதுல இல்ல. அதையும் எழுதணும். எழுதினா எடுங்க. எழுதலைன்னா எடுக்காதீங்க.”

எழுதுகிறேன் என்றேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் அதற்குள் கதவுக்குப் போய்விட்டாள்.

முடிவை நான்கு மணிக்குச் சொல்கிறார்கள். இருந்து கேட்டுவிட்டுப் போங்கள் என்றார் டீச்சர். சில்வியா போனில் சொல்லட்டும் என்று பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் தேசம்மா நின்றிருந்தாள். வெயில். பக்கத்தில் போய் நின்றேன். அவளுக்குக் கை இப்படி ஆனதிலிருந்து எங்கே போனாலும் அவள் பையை நான்தான் வாங்கிக்கொள்வேன். கையை நீட்டினேன். கொடுக்கவில்லை.

பஸ் வந்தது. இடது கையிலேயே பையையும் கம்பியையும் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினாள். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். நான் படியில் நின்று பார்த்தேன். பையைப் பக்கத்து சீட்டில் போடவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள். யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்கிற மாதிரி அந்த சீட்டு சும்மா இருந்தது.

போய் உட்கார்ந்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். திருவான்மியூர் போகிறவரைக்கும் நேரம் இருக்கிறது. சீப்பு சீனை அடுத்த பக்கத்தில் தொடங்குகிறேன்.